யாருடைய மானம்?

நம் நாளிதழ்களில் ‘மானநஷ்ட வழக்கு’ என்ற சொல்லையும் ‘மானபங்கம்’ என்ற சொல்லையும் ஒரே பக்கத்தில் பார்க்கலாம். முதல் செய்தியில் வருபவர் பெரும்பாலும் ஆண். அமைச்சராகவோ தொழிலதிபராகவோ நடிகராகவோ இருப்பார். தன் பெயர் கெட்டுவிட்டது என்று இத்தனை கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் அனுப்பியிருப்பார். இரண்டாவது செய்தியில் வருபவர் பெண். அவருடைய மானம் உடம்பில் இருக்கிறது. யாரோ ஒருவன் கையைப் பிடித்து இழுத்ததால் அது ‘பங்கப்பட்டுவிட்டது’. இருவரிடமும் இருப்பது ஒரே மானம்தான் என்று மொழி சொல்கிறது. ஆனால் ஆணிடம் அது விலை குறிக்கக்கூடிய சொத்து. பெண்ணிடம் அது விரிசல் விட்டால் ஒட்டவைக்க முடியாத பாத்திரம். அவதூறுச் சட்டத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோது இந்த இரண்டு சொற்களும் எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தன.

சட்டப் புத்தகங்கள் இந்தத் துறையை ஒரு தராசாக வரைந்து காட்டுகின்றன. ஒரு தட்டில் பேச்சுரிமை, இன்னொரு தட்டில் நற்பெயர். நீதிபதி முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்கு அந்தப் படத்தில் எப்போதுமே ஒரு சந்தேகம். தட்டில் வைக்கப்படும் நற்பெயர் யாருடையது என்பதை யார் முடிவு செய்தார்கள்? அதைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தவர் யார்? பெண்களைப் பொறுத்தவரை வழக்கின் முடிவு பல நேரங்களில் இந்த இடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. தராசு வரை போவதே இல்லை.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அவதூறு 499ஆம் பிரிவு. சொல்லாலோ எழுத்தாலோ சைகையாலோ ஒருவருடைய நற்பெயருக்குக் கேடு விளைவிக்கும் நோக்கத்துடன், அல்லது கேடு விளையும் என்று தெரிந்தே, அவர்மேல் எதையாவது சுமத்துவது குற்றம். அடுத்த பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எது கேடு என்று சொல்ல ஒரு விளக்கமும் இருக்கிறது. ஒருவருடைய ஒழுக்கத்தையோ அறிவையோ பிறர் பார்வையில் தாழ்த்துவது, சாதி அல்லது தொழில் சார்ந்த மதிப்பைத் தாழ்த்துவது, அவருடைய உடல் அருவருக்கத்தக்க நிலையில் இருப்பதாக நம்பவைப்பது. சாதி மதிப்பு என்று ஒன்று உண்டு என்பதையும் அது காக்கப்பட வேண்டியது என்பதையும் ஒரு தண்டனைச் சட்டம் எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது, பாருங்கள். பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்பதோடு நிற்பதில்லை. அதைச் சொன்னது பொதுநன்மைக்காகவும் இருக்க வேண்டும். இதை நிரூபிக்கும் பொறுப்பு பேசியவர் தலையில். உண்மையைச் சொன்ன பெண்ணும் குற்றவாளிக் கூண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இது குற்றவியல் பக்கம். நஷ்டஈடு கேட்கும் உரிமையியல் பக்கம் இங்கே சட்டமாக எழுதப்படவே இல்லை. நீதிபதிகள் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்த இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு விநோதம் இருந்தது. எழுதப்பட்ட அவதூறு என்றால் நேராக வழக்குப் போடலாம். வாயால் சொன்னது என்றால், அதனால் பொருள் இழப்பு ஏற்பட்டது என்று காட்ட வேண்டும். வியாபாரியை மோசடிக்காரர் என்றாலோ, ஒருவரைத் திருடர் என்றாலோ இந்த நிபந்தனை கிடையாது. ஒரு பெண்ணை ‘வேசி’ என்றால் உண்டு. நிச்சயமான கல்யாணம் நின்றுபோனதா, அதனால் என்ன நஷ்டம் என்று கணக்குக் காட்ட வேண்டும். முன்பு இப்படிப்பட்ட வசைகளுக்குப் பெண்கள் திருச்சபை நீதிமன்றங்களுக்குப் போனார்கள். பேசியவரைப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவைக்க அங்கே வழி இருந்தது. 1855இல் அந்த நீதிமன்றங்களிடமிருந்து அவதூறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் பறிக்கப்பட்டது. ஒரு கதவை மூடியவர்கள் மறு கதவைத் திறக்கவில்லை.

1861இல் பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவர் ஒரு பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றித் தப்பாகப் பேச, அதைக் கேட்ட கணவன் அவளை அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அவள் தோற்றாள். கணவன் அவளை அனுப்பியது அந்தப் பேச்சின் இயல்பான விளைவாக ஆகாது என்றார்கள். சட்டம் இப்படி இருப்பதற்காகத் தாம் வருந்துவதாக அந்த வழக்கில் கேம்பல் பிரபு சொன்னார். வருத்தத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இங்கிலாந்து இதைத் திருத்த இன்னும் 30 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. அதற்குள் சென்னையில் ஒரு பெண் இந்த விதியை உடைத்துவிட்டாள். 1884ஆம் ஆண்டின் பார்வதி – மன்னார் வழக்கு சட்டக் கல்லூரி மாணவிகளுக்கு ஒரு வரிக் குறிப்பாகத் தெரிந்திருக்கும். பார்வதி தன் கணவனின் முறையான மனைவியே இல்லை, பல ஊர்களிலிருந்து விரட்டப்பட்டவள் என்று மன்னார் வசை பாடினான். தெருச்சண்டையில் இன்றும் கேட்கக்கூடிய பேச்சுதான். பணநஷ்டம் எதுவும் இல்லை. இங்கிலாந்து விதியைப் பிடித்துக்கொண்டால் வழக்கே நிற்காது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதியை இங்கே பின்பற்ற வேண்டியதில்லை என்று முடிவுசெய்து, பார்வதி நஷ்டஈடு பெற உரிமையுள்ளவள் என்றது.

1901இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் இதே மாதிரியான வழக்கில் எதிர்த்திசையில் போனது. அந்த நகரத்தில் இங்கிலாந்தின் பொதுச் சட்டமே செல்லும், ஆகவே நஷ்டத்தைக் காட்டு என்றது. வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1891இல், இங்கிலாந்து ஒரு சிறு சட்டம் போட்டு விதியை மாற்றிவிட்டிருந்தது. ஒரு பெண்ணின் கற்பைப் பழித்துப் பேசினால் நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை என்றது அந்தச் சட்டம். அது இந்தியாவுக்குப் பொருந்தாது. ஆக, லண்டனில் செத்துப்போன விதி கல்கத்தாவில் உயிரோடு இருந்தது.

பார்வதியின் வெற்றியைச் சிறியதாக்க எனக்கு மனமில்லை. நீதிமன்றக் கட்டணம் கட்டி, வக்கீல் வைத்து, ஊர் சொன்ன கெட்ட வார்த்தைகளை எல்லோர் முன்னும் மறுபடி சொல்லவைத்து, அவள் அந்த வழக்கை நடத்தியிருக்கிறாள். ஆனால் அவள் வென்ற வாசல் வழியாக யாரெல்லாம் உள்ளே போகலாம் என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு ஏற்பட்ட கேடு, முறையான மனைவி என்ற இடத்திலிருந்து இறக்கப்பட்டது. அந்த இடத்தில் முதலிலிருந்தே இல்லாத பெண்கள்? பொட்டு கட்டப்பட்டவள், தாலி கட்டாமல் ஒருவரோடு வாழ்ந்தவள், ‘அவ அப்படித்தான்’ என்று ஊர் முடிவுகட்டிய சாதியில் பிறந்தவள்? கற்புதான் பெண்ணின் நற்பெயர் என்று சட்டம் எடுத்துக்கொண்டால், கற்பு இருப்பதாக ஒப்புக்கொள்ளப்படாத பெண்ணுக்கு இழப்பதற்குப் பெயரே கிடையாது. 1891 சட்டத்தையும் இங்கிலாந்து 2013இல் நீக்கியது. பெண்ணின் பாலியல் ஒழுக்கத்துக்குத் தனி விதி வைத்திருப்பதே காலத்துக்கு ஒவ்வாதது என்பதுதான் காரணம்.

தெருவில் குற்றமாக இருந்த அதே பேச்சு நீதிமன்றத்துக்குள் அனுமதிக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 155ஆம் பிரிவில், பாலியல் வல்லுறவு வழக்கில் புகார் சொன்ன பெண் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவளுடைய சாட்சியத்தை உடைக்க எதிர்த்தரப்புக்கு வழி கொடுத்திருந்தது. அந்த வரி 2003ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில்தான் அகற்றப்பட்டது. நூற்று முப்பது ஆண்டுகள். அக்கம்பக்கத்துக்காரர் சொன்னால் அவதூறு. வக்கீல் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னால் குறுக்கு விசாரணை.

இடையில் 1944இல் சென்னையில் நடந்த லட்சுமிகாந்தன் கொலையை எல்லோரும் அறிவார்கள். ‘சினிமா தூது’, ‘இந்து நேசன்’ ஆகிய பத்திரிகைகளில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கத்தை எழுதிய மனிதர் வேப்பேரியில் குத்தப்பட்டார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் தண்டிக்கப்பட்டு, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் விடுதலையானார்கள். இந்தக் கதை எத்தனை முறை சொல்லப்பட்டாலும் அது பாகவதரின் வீழ்ச்சியாகவே சொல்லப்படுகிறது. அந்தப் பத்திரிகைகளில் பெயர் அடிபட்ட நடிகைகளை மையமாக வைத்து அதை யாராவது எழுதியிருந்தால் நம் சினிமா வரலாறு வேறு மாதிரி இருந்திருக்கும்.

நான் அதிக நேரம் செலவழித்த வழக்கு சேலத்திலிருந்து வந்தது. 1971 ஜனவரி 23, 24 தேதிகளில் திராவிடர் கழகம் அங்கே மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு நடத்தியது. அந்த மாநாட்டை இன்றைக்கும் ஊர்வலத்துக்காகவும் ராமர் படத்துக்காகவும் நினைவுகூர்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது தொலைக்காட்சி விவாதங்களில் அது வந்துபோகிறது. அங்கே நிறைவேறிய ஒரு தீர்மானம் உச்ச நீதிமன்றம் வரை போனது பலருக்குத் தெரியாது. ஒருவருடைய மனைவி வேறொருவரை விரும்புவதைக் குற்றமாக்கக் கூடாது என்பது அந்தத் தீர்மானத்தின் பொருள். மறுநாள் ‘தி இந்து’ உள்ளிட்ட நாளிதழ்களில் வந்த செய்தி வேறு விதமாக இருந்தது. இன்னொருவனுடைய மனைவிக்கு ஆசைப்படுவதைத் தண்டனைச் சட்டத்தின்கீழ் குற்றமாக்க வேண்டாம் என்று மாநாடு அரசைக் கேட்டுக்கொண்டதாக அந்தச் செய்தி சொன்னது.

இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் விரும்புகிறவள் பெண். அவள் எழுவாய். இரண்டாவதில் விரும்புகிறவன் ஆண். அவள் அவன் ஆசைப்படும் பொருள், அதுவும் இன்னொருவனுக்குச் சொந்தமான பொருள். பத்திரிகைக்காரர் வேண்டுமென்றே மாற்றினாரா, அவசரத்தில் மொழிபெயர்த்தாரா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. ஒரு மனைவி தானாக விரும்புவாள் என்ற வாக்கியத்தைக் கேட்ட காது, அதைத் தனக்குப் பழக்கமான வாக்கியமாக்கிக் கையில் கொடுத்திருக்கிறது. பிறன்மனை நோக்குவது பற்றி நம் இலக்கியத்தில் நிறைய இருக்கிறது. பிறனை நோக்கும் மனைவிக்கு அங்கே இடமில்லை. ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலின் முதல் கட்டுரையையே கற்பைப் பற்றி எழுதிய பெரியாரின் மாநாட்டில் அப்படியொரு தீர்மானம் வந்தது ஆச்சரியமில்லை. அது அச்சில் ஆண்களின் ஆசையைப் பற்றிய தீர்மானமாகிப்போனதுதான் கவனிக்கத்தக்கது.

அப்போது நடப்பில் இருந்த 497ஆம் பிரிவும் இதே இலக்கணத்தில்தான் எழுதப்பட்டிருந்தது. இன்னொருவருடைய மனைவியோடு, அந்தக் கணவனின் சம்மதம் இல்லாமல், உறவுகொள்ளும் ஆண் குற்றவாளி. மனைவிக்குத் தண்டனை கிடையாது. அவள்மேல் வைத்த கருணை என்று சிலர் இதைச் சொன்னதுண்டு. கணவன் சம்மதித்தால் குற்றமே இல்லை என்ற வரியைப் படித்தால் அந்தக் கருணையின் லட்சணம் புரியும். இந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ய 2018 செப்டம்பர் 27 ஆக வேண்டியிருந்தது.

சேலம் மாநாட்டின் வரவேற்புக் குழுத் தலைவர், தீர்மானத்தைத் திரித்து எழுதி மாநாட்டின் பெயரைக் கெடுத்துவிட்டார்கள் என்று குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டார். 1972இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஒரு கூட்டத்துக்கும் நற்பெயர் உண்டு என்று 499ஆம் பிரிவின் இரண்டாம் விளக்கம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் அந்தக் கூட்டம் இன்னார் இன்னார் என்று அடையாளம் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். மாநாட்டுக்கு வந்துபோன ஆயிரக்கணக்கானவர்கள் அப்படிப்பட்ட கூட்டமல்ல. அவர்கள் சார்பில் புகார் கொடுத்தவர் சட்டம் சொல்லும் ‘பாதிக்கப்பட்ட நபர்’ அல்ல. தீர்மானத்தைத் திரித்ததற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்ற வகையில் எனக்கு இந்தத் தீர்ப்பில் ஒரு குறை உண்டு. ஆனாலும் அது நட்டுவைத்துவிட்டுப் போன கொம்பு, 38 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெண்ணுக்குக் கைகொடுத்தது.

அந்தப் பெண் குஷ்பு. 2005 செப்டம்பரில் ‘இந்தியா டுடே’ பத்திரிகை பெருநகரங்களில் பாலியல் பழக்கங்கள் பற்றி ஒரு கருத்துக்கணிப்பு வெளியிட்டு, அதையொட்டிப் பலரிடம் கருத்துக் கேட்டது. திருமணத்துக்கு முன்பான உறவைச் சமூகம் ஏற்கப் பழக வேண்டும் என்ற பொருளில் குஷ்பு பேசினார். கர்ப்பமும் நோயும் வராமல் பெண்கள் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இன்றைக்கு ஒரு மகப்பேறு மருத்துவர் பள்ளி நிகழ்ச்சியில் சொல்லிவிட்டுப் போகக்கூடிய வாக்கியம். அதைத் தொடர்ந்து ஒரு தமிழ் நாளிதழில் அவருடன் நடந்ததாக ஓர் உரையாடல் வெளியானது. அதில் வந்ததைத் தான் சொல்லவில்லை என்று குஷ்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். அதற்குள் துடைப்பமும் செருப்பும் தெருவுக்கு வந்துவிட்டன. பாட்டாளி மக்கள் கட்சியும் விடுதலைச் சிறுத்தைகளும் போராட்டத்தில் முன்னால் நின்றார்கள். அவர் தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டும் அது நிற்கவில்லை. அவருக்கு ஆதரவாகப் பேசிய சுஹாசினியும் எதிர்ப்பைச் சந்தித்தார். மேட்டூர் நீதிமன்றத்துக்கு வந்தபோது முட்டையும் தக்காளியும் வீசப்பட்டன. மும்பையில் பிறந்தவருக்குத் தமிழ்ப் பெண்களைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வி விடாமல் கேட்கப்பட்டது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் தன் கவிதைத் தொகுப்புக்கு ‘முலைகள்’ என்று பெயர் வைத்ததற்காகக் குட்டி ரேவதி வசைகளை வாங்கிக்கொண்டிருந்தார். தன் உடம்பைத் தன் சொல்லால் சொல்லும் பெண் தமிழை அவமானப்படுத்துகிறாள் என்ற நம்பிக்கை அந்தப் பத்தாண்டில் எவ்வளவு கெட்டியாக இருந்தது என்பதை அன்றைக்கு வாசித்துக்கொண்டிருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள்.

குஷ்பு மீது மொத்தம் 23 குற்றவியல் புகார்கள். பெரும்பாலானவை தமிழ்நாட்டின் வெவ்வேறு ஊர்களில். அவதூறு, ஆபாசம், பொது அமைதிக்குக் குந்தகம், பெண்களை இழிவாகச் சித்தரித்தல் என்று கிடைத்த பிரிவுகளையெல்லாம் போட்டிருந்தார்கள். அவற்றை ரத்து செய்யக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2008 ஏப்ரலில் நிராகரித்தது. 2010 ஏப்ரல் 28 அன்று தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வு 23 புகார்களையும் ரத்து செய்தது. சேலம் வழக்கு அங்கே மேற்கோளாக வந்தது. ‘தமிழ்ப் பெண்கள்’ என்பது எல்லை குறிக்க முடியாத கூட்டம். அதன் சார்பில் யாரும் தன்னைப் பாதிக்கப்பட்டவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அந்தத் தீர்ப்பில் மாணவிகளோடு படிக்கும்போது நான் எப்போதும் நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுப் பெண்கள் எல்லாரும் திருமணத்துக்கு முன்பே உறவுகொண்டவர்கள் என்று குஷ்பு எங்கேயும் சொல்லவில்லை. அப்படியொரு பழிச்சொல் புகார்தாரர்களின் புகார்களில்தான் இருக்கிறது என்கிறார்கள் நீதிபதிகள். அடுத்த வாக்கியத்துக்குப் போகும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். நம் எல்லோரையும் பற்றிய அந்த அவமதிப்பை எழுதி, கையெழுத்துப் போட்டு, மாவட்டம் மாவட்டமாக நீதிமன்றங்களில் தாக்கல் செய்தது நம் மானத்தைக் காக்க வந்தவர்கள். என் பெயரில் 23 வழக்குகள் நடந்திருக்கின்றன, என்னை ஒருவரும் கேட்கவில்லை. துடைப்பம் தூக்கிய கூட்டத்தில் பெண்களும் இருந்தார்கள், உண்மைதான். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்லிவிட்டு நகர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கற்பு என்ற ஒன்றைத் தவிர வேறு எந்தப் பெயரும் தரப்படாத பெண், அந்த ஒன்றைப் பறிக்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்டால் கோபப்படத்தான் செய்வாள். பார்வதி காலத்துச் சட்டம் சொல்லிக்கொடுத்த பாடமும் அதுதானே.

தீர்ப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆனது. குஷ்புவிடம் டெல்லி வரை போக வசதி இருந்தது. அதே கருத்தை ஒரு கல்லூரி விரிவுரையாளரோ ஊராட்சி உறுப்பினரோ சொல்லி, 23 ஊர்களிலிருந்து சம்மன் வந்திருந்தால்?

அவதூறுச் சட்டத்தைக் கையில் எடுப்பவர் எப்போதும் ஆண் என்று சொல்லிவிட முடிந்தால் நமக்கு எளிதாக இருக்கும். ஓர் அமைச்சரையோ முதலமைச்சரையோ அவருடைய பொதுப்பணி தொடர்பாகப் பழித்தால், அவர் சார்பில் அரசு வழக்கறிஞரே நேராக அமர்வு நீதிமன்றத்தில் புகார் தர குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199ஆம் பிரிவு வழி செய்திருந்தது. ஜெயலலிதா ஆட்சியில் 2011 முதல் ஐந்து ஆண்டுகளில் இப்படி 213 வழக்குகள் தொடரப்பட்டதாக 2016இல் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றத்தில் கணக்குக் கொடுத்தது. எதிர்க்கட்சியினரும் பத்திரிகைகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒரு பெண் என்பதால் மேடைகளில் ஜெயலலிதா கேட்ட கேவலமான பேச்சுக்கு அளவில்லை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் அரசின் செயல்பாட்டைக் கேள்வி கேட்டவர்கள் மீது போட்ட வழக்குகள் அந்தப் பேச்சுக்கான பதிலாக முடியாது. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், என். ராம் உள்ளிட்ட பத்திரிகையாளர்கள் மீதான இத்தகைய வழக்குகளை ரத்து செய்தபோது, அரசு குடிமக்களுக்குப் பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பதை நினைவூட்டியது. ஒரு பெண்ணிய நூலில் அந்த உவமையோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது, முடிவோடு உண்டு.

பிரியா ரமணி வழக்கில் கேள்வி தலைகீழாகத் திரும்பியது. 1993இல் மும்பை ஓட்டல் அறையில் ஒரு வேலைக்கான நேர்காணலில் தனக்கு நடந்ததை, பெயர் குறிப்பிடாமல், 2017இல் ‘வோக் இந்தியா’ இதழில் எழுதினார். 2018 அக்டோபர் 8 அன்று ட்விட்டரில் அந்த ஆசிரியர் எம்.ஜே. அக்பர் என்றார். அக்பர் அப்போது மத்திய இணையமைச்சர். ஒரு வாரத்தில் குற்றவியல் அவதூறுப் புகார் தாக்கலானது. இன்னும் இரண்டு நாளில் அவர் பதவி விலகினார். அதற்குள் வேறு பல பெண்களும் அவரைப் பற்றிப் பேசியிருந்தார்கள். வழக்குப் போடப்பட்டது ரமணி மீது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மாலையைப் பற்றி, சாட்சி இல்லாத ஓர் அறையைப் பற்றி, அவர் குற்றம் சாட்டப்பட்டவராக நின்று உண்மையையும் பொதுநன்மையையும் நிறுவ வேண்டியிருந்தது. கஸாலா வகாப் அவருக்காகக் கூண்டேறித் தன் அனுபவத்தைச் சொன்னார். இறுதி வாதங்கள் முடியும் நேரத்தில் நீதிபதி மாற்றப்பட்டு, புதியவர் முன் எல்லாம் மறுபடி வாதிக்கப்பட்டது.

2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுவித்தது. ஒரு பெண்ணின் உயிர்வாழும் உரிமையையும் கண்ணியத்தையும் பலிகொடுத்து இன்னொருவருடைய நற்பெயரைக் காக்க முடியாது, எத்தனை ஆண்டுகள் கழித்தும் எந்த மேடையிலும் தன் குறையைச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு என்றது தீர்ப்பு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு விசாகா நெறிமுறைகள் வந்தது 1997இல்தான் என்பதையும், சம்பவம் நடந்தபோது முறையிட இடமே இல்லை என்பதையும் நீதிபதி கணக்கில் எடுத்தார். ராமாயணத்தையும் மகாபாரதத்தையும் துணைக்கு அழைத்திருக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். சீதையின் கதையை எடுத்தால் ஊரார் பேச்சுக்காகக் காட்டுக்குப் போனவள் யார் என்ற கேள்வியும் கூடவே வரும். அக்பர் மேல்முறையீடு செய்தார்.

இந்தத் தீர்ப்பை முன்வைத்து, குற்றவியல் அவதூறையே எடுத்துவிட வேண்டும் என்று சொல்லும் தோழிகள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் இன்னொரு தோழி, தன் முகத்தை யாரோ ஒரு நிர்வாணப் படத்தில் ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டபோது, “உங்க பேச்சுரிமை எல்லாம் சரி, எனக்கு என்ன இருக்கு?” என்று கேட்டார். அவருக்குப் பார்வதியின் வழக்கு இன்னும் தேவைப்படுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் வேறு பிரிவுகள் உண்டு, உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்கலாம் என்றேன். தடையாணைக்கு எத்தனை நாளாகும், வக்கீலுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டார். சிறைத்தண்டனையை நீக்கிவிட்டு, செலவு குறைந்த, விரைவான உரிமையியல் வழியை ஏற்படுத்தாமல் விட்டால், 1855இல் இங்கிலாந்து செய்ததையே நாமும் செய்தவர்களாவோம். அதே சமயம், அவரைப் போன்றவர்களைக் காட்டி இந்தப் பிரிவை நியாயப்படுத்துபவர்கள் கடைசியாக எப்போது அவரைப் போன்ற ஒருவருக்காக அதைப் பயன்படுத்தினார்கள் என்றும் நான் கேட்பேன். இந்தக் கட்டுரையில் வந்த குற்றவியல் வழக்குகளில் அப்படி ஒன்றுகூட இல்லை.

உச்ச நீதிமன்றம் 2016 மே மாதம், சுப்பிரமணியன் சுவாமி வழக்கில், நற்பெயர் அரசமைப்பின் 21ஆம் உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி 499, 500 பிரிவுகளைச் செல்லும் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 356ஆம் பிரிவு. சிறைக்கு மாற்றாகச் சமூக சேவையும் தண்டனையாகச் சேர்ந்திருக்கிறது. புகார் கொடுப்பது பற்றிய பழைய 199ஆம் பிரிவு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 222ஆம் பிரிவாகியிருக்கிறது. பாதிக்கப்பட்ட நபர் தானே வந்து புகார் தர வேண்டும் என்று தொடங்கும் அந்தப் பிரிவு சிலருக்கு விலக்கு அளிக்கிறது. சிறுவர்கள், மனநலம் குன்றியவர்கள், நோயாளிகள் ஆகியோரை வரிசையாகச் சொல்லிவிட்டு, உள்ளூர் வழக்கப்படி பொது இடத்தில் தோன்றுமாறு கட்டாயப்படுத்தக் கூடாத பெண்கள் என்று அடுத்ததாகச் சொல்கிறது. இவர்களுக்காக, நீதிமன்றத்தின் அனுமதியோடு, வேறொருவர் புகார் தரலாம். சட்டங்களின் பெயரையெல்லாம் மாற்றியவர்கள் இந்த வரியை மாற்றவில்லை.